படையின் நிழலில் ஒரு தேர்தல்: வடக்கு-கிழக்கு மாகாண சபை, 1988

1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு இலங்கையின் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் திரும்பி வந்த வீரர்களுக்கு வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனம் இடம் தராது என்பது அவர் நிலை. அப்போது அவர் சட்டமன்றத்தில் துறைமுகம் தொகுதியின் உறுப்பினரும்கூட. இந்தப் புறக்கணிப்பைப் பற்றித் தமிழகத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் அதே படையின் காவலில் நடந்த ஒரு தேர்தலையும், அதில் பிறந்த ஆட்சி படையோடு சேர்ந்தே மறைந்ததையும் பற்றி இங்கே பேச்சு குறைவு. இக்கட்டுரை அந்தத் தேர்தலைப் பற்றியது.

1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தற்காலிகமாக இணைத்து ஒரே சபை, ஒரே ஆளுநர், ஒரே முதலமைச்சர் என்று வகுத்தது. இணைப்பு தொடர வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் பின்னர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. அந்த வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி மாகாண சபைகள் பிறந்தன. அதற்குள் அக்டோபர் 10 முதல் அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டிருந்தது. ஒப்பந்தத்தைக் காக்க வந்த படை ஒப்பந்தத்தை ஏற்காதவர்களோடு போரிட்டுக்கொண்டிருக்கையில், அதன் பயனாகிய சபைக்கு வாக்குச்சீட்டு அச்சிட வேண்டிய நிலை. தெற்கிலும் ரத்தம் ஓடியது. மாகாண சபைகளே கூடாது என்று ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) ஆயுதம் ஏந்தியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, தெற்கின் மாகாண சபைத் தேர்தல்களைப் புறக்கணித்தது.

1988 செப்டம்பரில் ஜெயவர்தனா பிரகடனங்கள் வெளியிட்டு இரு மாகாணங்களையும் இணைத்தார். தேர்தல் நாள் நவம்பர் 19. மொத்தம் 71 இடங்கள், வடக்குக்கு 36, கிழக்குக்கு 35. புலிகள் தேர்தலை நிராகரித்தார்கள், தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒதுங்கிக்கொண்டது. வடக்கில் இந்தியாவின் ஆதரவு பெற்ற ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈ.என்.டி.எல்.எப். என்ற இரண்டு இயக்கங்கள் மட்டுமே வேட்புமனு போட்டன, அதுவும் இடங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு. முன்னதற்கு 24, பின்னதற்கு 12. அத்தனையும் போட்டியின்றித் தெரிவு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் ஒரு வாக்காளர்கூட விரலில் மை வைத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தேர்தல் முழுக்க நாடகம் என்று சொல்வோர் உண்டு. வடக்கைப் பொறுத்தவரை அதை மறுக்க முடியாது. கிழக்கில் கதை வேறு. அங்கே உண்மையிலேயே வாக்களிப்பு நடந்தது. மிரட்டலையும் மீறி மக்கள் சாவடிக்கு வந்தார்கள். ஈ.பி.ஆர்.எல்.எப். 17 இடம், எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையிலான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 இடம், ஐக்கிய தேசியக் கட்சி ஒரே ஒரு இடம். கிழக்கு முஸ்லிம்கள் தங்களுக்கென்று ஒரு கட்சியைத் தேர்தல் களத்தில் நிலைநிறுத்தியது இங்கேதான். தங்களைக் கேட்காமல் செய்த இணைப்பில் தங்கள் இடம் என்ன என்ற கேள்வியை அவர்கள் வாக்குச்சீட்டால் எழுப்பினார்கள். தமிழ் அரசியல் அந்தக் கேள்விக்குச் சரியாக முகம் கொடுக்கவில்லை என்பதே என் கருத்து. 1988இன் நிலைத்த விளைவு எது என்றால், முதலமைச்சர் நாற்காலியைவிட இந்த 17 இடங்களைத்தான் நான் சொல்வேன்.

உள்நாட்டுப் போருக்கு நடுவே மாநிலத் தேர்தல் நடப்பது உலகத்துக்குப் புதிதல்ல. 1863 அக்டோபரில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் தன் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. போரை எதிர்த்த கிளெமென்ட் வலாண்டிகம் நாடு கடத்தப்பட்டு, கனடாவில் இருந்தபடியே போட்டியிட்டார். ஜான் பிரவ் என்பவரிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். ஆனாலும் அவருக்கு வாக்களிக்க வழி இருந்தது. யாழ்ப்பாணத்துக் குடிமகனுக்கோ ஆதரிக்கவும் வாய்ப்பில்லை, எதிர்க்கவும் வாய்ப்பில்லை.

1988 டிசம்பர் 10 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் விரிவுரையாளராக இருந்த அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். தலைநகர் திருகோணமலை. இங்கே சட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி, அவர் விரும்பும்வரைதான் பதவி. வடக்கு-கிழக்கின் முதல் ஆளுநர் லெப்டினன்ட் ஜெனரல் நளின் செனவிரத்ன, சில மாதங்களுக்கு முன்புவரை இலங்கைத் தரைப்படையின் தளபதி. தேர்ந்தெடுக்கப்பட்ட விரிவுரையாளர் ஒருபுறம், நியமிக்கப்பட்ட தளபதி மறுபுறம், இருவருக்கும் மேலே அயல்நாட்டுப் படை. காவல், காணி அதிகாரங்கள் சட்டப் பட்டியலில் இருந்தன, கைக்கு வரவில்லை. நம் மாநிலங்களில் ஆளுநர் அதிகாரம் பற்றி நடக்கும் வழக்காடலைப் பின்தொடரும் வாசகருக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் அந்தத் தேர்தல் நாளில் தமிழ்நாடும் குடியரசுத் தலைவர் ஆட்சியில்தான் இருந்தது.

1989 ஜனவரியில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரணசிங்க பிரேமதாசா அமைதிப்படையை வெளியேறச் சொன்னார். புலிகளோடு பேச்சு நடத்தினார், படையை எதிர்க்க அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். தன் காவல் கைவிட்டுப் போவதை உணர்ந்த மாகாண ஆட்சி, ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற பெயரில் இளைஞர்களைப் பிடித்துச் சேர்த்தது. பள்ளிச் சிறுவர்களையும் விடவில்லை. மக்களிடம் அதற்கு மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அதோடு போயிற்று. இதை இந்தியாவின் தலையிலோ கொழும்பின் தலையிலோ மட்டும் கட்டிவிட முடியாது. படைகள் பின்வாங்கப் பின்வாங்க, அந்தப் பிள்ளைகளில் பலர் புலிகளிடம் சிக்கி உயிரிழந்தார்கள். 1990 மார்ச் 1 அன்று வரதராஜப்பெருமாள் சபையில் ஈழப் பிரகடனத்தை முன்மொழிந்தார். அந்த மாதத்திலேயே அவரும் இந்தியா வந்து சேர்ந்தார். ஜூன் 19 அன்று ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் க. பத்மநாபா சென்னைக் கோடம்பாக்கத்தில் தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். சபை கலைக்கப்பட்டது.

இணைப்பு மட்டும் தாளில் தொடர்ந்தது. 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2008 மே 10 அன்று, போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, கிழக்கில் தனியே தேர்தல் நடத்தினார்கள். புலிகளிடமிருந்து பிரிந்து வந்த சிவநேசதுரை சந்திரகாந்தன், ஆயுதக் குழுவின் தலைவராக இருந்தபடியே முதலமைச்சரானார். 1988இன் பாடத்தை யாரும் கற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தங்கள் மாகாண சபைக்கு வடக்கு மக்கள் முதன்முதலாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21 அன்று. 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குத் தந்து, சி.வி. விக்னேஸ்வரனை முதலமைச்சராக்கினார்கள். அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தாமல், ஆளுநரை வைத்தே மாகாணத்தை ஆண்டார்கள். போர்க்காலத்தில் அவசர அவசரமாகத் தேர்தல் நடத்தியவர்கள், அமைதிக் காலத்தில் அதைத் தள்ளிப்போட்டதற்கு வடக்கு, கிழக்கு மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.