ஜூன் 14-ல் ரத்தம் கொடுத்தவர் அக்டோபர் 1-ல் மறுபடி கொடுக்கலாமா? ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய சீன்தான். கம்பெனி முகாமில் ரத்தம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் அவசரமாக ரத்தம் வேணும்னு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வரும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேற மாநிலம், வேற ரத்த வங்கி. போன மாசம் கொடுத்தது அங்கே யாருக்குத் தெரியப்போகுது, கொடுத்துடலாமா?

கூடாது. ரத்த தானத்துக்கான விதி மத்திய அரசுடையது. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும்.

இதை முகாம் தேதிகளோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். உலக ரத்த கொடையாளர் தினமான ஜூன் 14-ல் ரத்தம் கொடுத்திருந்தால், ஆகஸ்ட் 15 முகாமில் யாருமே கொடுக்க முடியாது. 62 நாள்தான் ஆகியிருக்கும். ஆண்களுக்கு செப்டம்பர் 12-லேயே 90 நாள் முடிந்துவிடும். அதனால் தேசிய தன்னார்வ ரத்த தான தினமான அக்டோபர் 1-ல் தாராளமாகக் கொடுக்கலாம். பெண்கள் அக்டோபர் 12 வரை காத்திருக்கணும்.

ஏன் இந்த வித்தியாசம்? கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். மெதுவாகத் திரும்புவது இரும்புச்சத்துதான். 450 மில்லி ரத்தத்தோடு சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. சாப்பாட்டிலிருந்து அதை ஈடுகட்ட மாதக்கணக்கில் ஆகும். மாதவிடாயிலும் இரும்பு போவதால் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு மாதம். ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்டுக்குப் போகும் இளம்பெண்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தால், 120 நாள் தாண்டியிருந்தாலும் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 56 நாள்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

தட்டணு தானம் தனி. அதில் சிவப்பணுக்களை உடம்புக்கே திருப்பி ஏற்றிவிடுவதால் 48 மணி நேர இடைவெளி போதும். வாரத்துக்கு 2 முறை, வருடத்துக்கு 24 முறை என்பது உச்சவரம்பு. முழு ரத்தம் கொடுத்தவர் தட்டணு கொடுக்க 28 நாள் பொறுக்க வேண்டும்.

லாரி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம்: அடுத்த டியூட்டிக்கு 24 மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுக்கக் கூடாது. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் முதலில் நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு வாங்க.

கடைசியாகக் கொடுத்த தேதி ஞாபகம் இல்லையா? முகாமில் தந்த அட்டையில் இருக்கும். அதை இப்பவே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.