லுவார் நதியும் ஒரு குமாஸ்தாவும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குக் காவிரிக்கு முன்னால் லுவார் நதிதான் மனப்பாடம். "பிரான்சின் மிக நீளமான நதி, சுமார் 1000 கிலோமீட்டர்" என்று ஒப்பிப்போம். அதன் வெள்ளங்களைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

1846, 1856, 1866 என்று இருபது ஆண்டுகளில் மூன்று பெருவெள்ளங்கள். மூன்று முறையும் கரைகள் பல இடங்களில் உடைந்தன. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்துவதே வைத்தியமாக இருந்தது. ஆறு பரவ இடமில்லாமல் போகப் போக, நீர்மட்டமும் உயர்ந்தது.

மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் 1858 மே 28 அன்று ஒரு சட்டம் வந்தது. லுவார், ரோன், சேன் போன்ற ஆறுகளின் வெள்ளச் சமவெளியில் அரசுக்கு முன்கூட்டி அறிவிக்காமல் யாரும் கரை போடக் கூடாது. அரசு அதைத் தடுக்கலாம். 1935இல், நீர் பரவும் நிலங்களை வரைபடத்தில் குறித்துக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த ஆணை பிறந்தது.

ஆனால் 1866க்குப் பிறகு நடு லுவாரில் அவ்வளவு பெரிய வெள்ளம் வரவில்லை. பயம் போயிற்று. கரைக்குப் பின்னால் வீடுகள் முளைத்தன.

1980 செப்டம்பர் 21 அன்று மேல் லுவாரில் திடீர் வெள்ளம். பிரீவ்-ஷரான்சாக் என்ற ஊர் பெருஞ்சேதம் கண்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். மேலே அணை கட்டத் திட்டமிட்டார்கள். 1989 முதல் எதிர்ப்பாளர்கள் அந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் முகாமிட்டார்கள். 1994 ஜனவரியில் அரசு அணையைக் கைவிட்டது. பதிலாக ஊருக்குள் ஆற்றை அகலப்படுத்தி, ஆற்றோரத் தொழிற்சாலைகளை வேறிடம் மாற்றினார்கள். மறு ஆண்டே, அபாயப் பகுதிகளைக் குறித்து அங்கே கட்டுவதைத் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ வழிசெய்யும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஆற்றோர மனைப்பிரிவு ஒன்று வந்தது. காகிதங்கள் எல்லாம் சரி. பக்கத்து நிலத்துப் பெரியவர் மட்டும், "ஐயா, பெரிய மழைக்கு அங்கே தண்ணி நிக்கும்" என்றார். அதைக் குறிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி மேலே அனுப்பினேன்.

2024 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பெரியவர் இப்போது இல்லை. படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் என்ன, ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். என் கையில் பேனா இருந்தது.