அலமாரியில் மூலவர், பிளேயரில் உற்சவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து வீட்டில் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு படத்தை நகலெடுத்து முடித்துவிடலாம். 2005 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய பத்து வருஷம் பாளையங்கோட்டை வீட்டில் என் ஞாயிறுகள் இப்படித்தான் கழிந்தன. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிவிடிக்கு வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு காப்பி எடுப்பேன். காப்பி டிவி மேஜைக்குப் போகும், ஒரிஜினல் அலமாரிக்குள் போகும். அந்த வழக்கம் இன்று இல்லை. அது எந்த வருஷம் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. அது போனதற்கு யாரும் துக்கம் விசாரிக்கவும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தேவை வந்தது அண்ணன் மகளால். நான்கு வயதில் அவளுக்கு ஒரே படத்தைத் தினமும் பார்க்க வேண்டும். முறுக்கு தின்ற கையோடு டிஸ்க்கை எடுப்பாள், தரையில் போட்டு இழுப்பாள். மூன்றே மாதத்தில் படம் திக்கித் திக்கி ஓடி, இரண்டாவது பாட்டில் நின்றுபோனது. அடுத்து வாங்கிய டிஸ்க்கை அவள் கையில் கொடுப்பதற்கு முன்பே காப்பி எடுத்தேன். அம்மாதான் அதற்குப் பெயர் வைத்தாள். நெல்லையப்பர் கோயிலில் ஆனித் திருவிழாவுக்குத் தேரேறி நான்கு ரத வீதியும் சுற்றி வருகிறவர் உற்சவர்; மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. அதேபோல் "மூலவரை உள்ள வையி, உற்சவரை வெளிய எடு" என்பாள். எங்கள் வீட்டில் கடைசிவரை அதுதான் பேச்சு.

கேட்க எளிதாக இருந்தாலும் டிவிடியை அப்படியே படியெடுத்துவிட முடியாது. 1996 இறுதியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தபோதே படக் கம்பெனிகள் அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தன. சிஎஸ்எஸ் என்று பெயர், 40 பிட் சாவி. அந்தச் சாவி டிஸ்க்கின் உள் ஓரத்தில் இருக்கும். நாம் கடையில் வாங்கும் பிளாங்க் டிஸ்க்கில் அந்த ஓரத்தில் எதையும் எழுத முடியாதபடி செய்து அனுப்பினார்கள். வரிக்கு வரி நகலெடுத்தாலும் சாவி மட்டும் வராது, படம் ஓடாது. 1999இல் நார்வேயில் யோன் யோஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையனும் வேறு சிலரும் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறந்து காட்டினார்கள். தான் வாங்கிய டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்பதுதான் பையனின் வாதம். வழக்குப் போட்டார்கள். 2003இல் கீழ்க் கோர்ட்டும் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1998 சட்டப்படி பூட்டைத் திறக்கும் கருவியை விற்பதே குற்றம். வீட்டுக் காப்பிக்கென்றே மென்பொருள் விற்ற 321 ஸ்டூடியோஸ் என்ற கம்பெனி கோர்ட்டில் தோற்று 2004இல் கடையை மூடியது. டிவிடி டிகிரிப்டர் என்ற இலவச மென்பொருளை எழுதியவரும் வக்கீல் மிரட்டலுக்குப் பிறகு 2005இல் கைவிட்டார். அதற்குள் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. என் கம்ப்யூட்டருக்கும் ஒரு நண்பரின் பென்டிரைவில்தான் வந்து சேர்ந்தது.

நம் ஊர்ச் சட்டத்தை நான் உட்கார்ந்து படித்தேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோது 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை என்கிறது அது. சொந்த உபயோகத்துக்கு நியாயமாகப் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. என் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இங்கே இடம் இருக்கிறது என்றே நான் புரிந்துகொண்டேன். ஆனால் காப்பி என்ற வார்த்தையைக் கேட்டாலே திருட்டு விசிடிதான் ஞாபகம் வரும் காலம் அது. படம் வெளியான மறுநாளே பிளாட்பாரத்தில் போட்டு விற்றவர்கள் எங்களைப் போன்றவர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தார்கள். ஒரு காப்பியைக்கூட நான் விற்றதில்லை. இரவல் கேட்டவர்களுக்கும் ஒரிஜினலைத்தான் கொடுத்தேன். அது திரும்பி வராத வேதனையையும் பட்டிருக்கிறேன்.

வேலையைச் சொல்கிறேன். கடையில் வாங்கும் பட டிவிடி பெரும்பாலும் இரண்டு அடுக்கு, 8.5 ஜிபி. பிளாங்க் டிஸ்க் ஒற்றை அடுக்கு, 4.7 ஜிபி. மரக்கால் நெல்லைப் படியில் அடைக்க வேண்டும். டிவிடி ஷ்ரிங்க் என்ற மென்பொருளில் படத்தைத் திறந்தால் இடது பக்கம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். விளம்பரம், டிரெய்லர், நமக்குத் தெரியாத மொழிகளின் ஒலித்தடம், சப்டைட்டில் எல்லாவற்றுக்கும் டிக்கை எடுத்துக்கொண்டே வந்தால் மேலே பச்சைக் கோடு சுருங்கும். மிச்சம் இருப்பதை லேசாக அழுத்தினால் போதும். சண்டைக் காட்சி நிறைந்த படம் அழுத்தம் தாங்காது, மழையும் புகையும் வரும் இடங்களில் சதுரம் சதுரமாகத் தெரியும். ஊமைச் சோகமாக நகரும் படம் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். துபாயிலிருந்து மச்சான் வாங்கி வந்த டிஸ்க்குகள் இரண்டாம் மண்டலத்தைச் சேர்ந்தவை, நம் பிளேயர் ஐந்தாம் மண்டலம். காப்பி எடுக்கும்போது அந்த மண்டலத் தடையும் கழன்றுவிடும்.

பிறகு பர்ன் பண்ணுவது. பதினாறு மடங்கு வேகம் என்று உறையில் போட்டிருந்தாலும் நான் நான்கிலேயே வைப்பேன். ஏறத்தாழ பதினைந்து நிமிஷம். எழுதி முடித்ததும் சரிபார்க்க விடுவேன். 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் இந்தப் பதினைந்து நிமிஷம்தான் பெரிய கண்டம். எண்பது சதவீதம் வந்த பிறகு கரண்ட் போனால் டிஸ்க் காலி. அதற்காகவே ஒரு யுபிஎஸ் வாங்கினேன். கடைசியாக மார்க்கர் பேனாவால் உள்வட்டத்தின் ஓரமாகப் படத்தின் பெயர், தேதி, கூடவே ஒரு "உ". ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு ஓடிவிடும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது.

இதையெல்லாம் கற்றதற்குப் பலன் ஒரு நாள் வந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு டிவிடியை முந்தானையில் பொதிந்து எடுத்து வந்தார். மகளின் கல்யாண வீடியோ. வந்தது ஒரே டிஸ்க், எடுத்த ஸ்டூடியோவும் மூடியாயிற்று.

"தாலி கட்டுத எடம் வர மாட்டேங்கு தம்பி. அவுக அப்பா அதுல இருக்காக. எப்பிடியாச்சும் எடுத்துக் குடு."

அவர் கணவர் அதற்குள் காலமாகியிருந்தார். டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் கீறல், நல்லவேளை. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே, 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலோட்டக் கீறலைத் தேய்த்தெடுக்கலாம். வெள்ளைப் பற்பசையை நனைத்த பஞ்சில் தொட்டு, உள்ளிருந்து வெளியே, அரை மணி நேரம் தேய்த்தேன். கழுவி, டிரைவில் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் படிக்கவிட்டேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டியது. டிரைவ் மூச்சு வாங்குவதுபோல் சுழல்வதும் நிற்பதுமாக நான்கு மணி நேரம். ராத்திரி பதினொன்றரைக்கு முடிந்தது. நாதஸ்வரம் ஓரிடத்தில் மட்டும் அரை விநாடி வெட்டியது. மேளச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் கணவர் அட்சதையை அள்ளிப் போடுவது முழுசாக வந்துவிட்டது. மூன்று காப்பி போட்டு மறுநாள் காலையில் கொடுத்தேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒரு தூக்குவாளி நிறையப் பால் பாயசம் வந்தது.

அந்தக் கல்யாண வீடியோ தப்பித்தது. தமிழில் முதல் பேசும் படமான 1931ஆம் வருஷத்து காளிதாஸின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஏட்டுச் சுவடி செல்லரிப்பதற்குள் புது ஏட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்ததால்தான் சங்கப் பாட்டு உ.வே.சா. கைக்கு வந்தது. இரண்டாவது பிரதி என்பதை நாம் சின்ன விஷயமாக நினைத்துவிட்டோம்.

வழக்கம் போனது காரணமில்லாமல் இல்லை. 2007இல் மோசர்பேர் கம்பெனி படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்கத் தொடங்கியதும், காப்பி எடுக்கும் நேரத்துக்கு இன்னொன்று வாங்கிவிடலாமே என்று பலர் நினைத்தார்கள். பிறகு லேப்டாப்பில் டிரைவே வைக்காமல் விட்டார்கள். 2018இல் மோசர்பேர் கலைப்புக்குப் போனது. 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிஸ்க் அனுப்புவதை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி முடித்துக்கொண்டது. இப்போது படம் செயலியில் வருகிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் பணம் கட்டி "வாங்கிய" ஸ்டூடியோகனால் என்ற கம்பெனியின் படங்கள் 2022 ஆகஸ்டோடு வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. அவர்களிடம் அலமாரியில் வைக்க ஒரு மூலவர் இல்லை.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். கல்யாண வீடியோவைப் போனில் ஏற்றியிருப்பதாகக் காட்டினாள். பழைய டிவிடி மூன்றும் வீடு மாற்றியதில் எங்கேயோ போய்விட்டனவாம்.

"இன்னொரு காப்பி எங்க வச்சிருக்க?" என்றேன்.

"போன்லதான் இருக்குல்லா மாமா" என்றாள்.

அன்று ராத்திரி அவள் போனிலிருந்து ஏற்றிக்கொண்டு பழைய டிரைவைத் தேடி எடுத்தேன். தட்டு வெளியே வரவில்லை. முன்பக்கத்துச் சின்னத் துளையில் குண்டூசியை விட்டுத் தள்ளித் திறந்து, தூசி ஊதி, நான்கு மடங்கு வேகத்தில் இரண்டு டிஸ்க் எழுதினேன். இரண்டையும் சரிபார்த்தேன். ஒன்றில் "மூ", ஒன்றில் "உ". பிளாங்க் டப்பாவில் இன்னும் பதினொன்று இருக்கின்றன.