பெர்த் – கொக்கலை: 28 மணி நேரம், இரண்டு சூரிய உதயம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானத் தடம் நடுவில் அறுந்துபோனது. மறுபடி ஒட்டவைக்க ஒரே வழிதான் இருந்தது. பெர்த் நகரின் சுவான் ஆற்றில் கிளம்பி, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டி, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரியில் இறங்குவது. 1943 ஜூன் கடைசியில் குவாண்டாஸ் நிறுவனம் இதைத் தொடங்கியது. விமானம், கேட்டலினா என்னும் பறக்கும் படகு.

தூரம் எவ்வளவு? 3,513 என்ற எண் எல்லா இடத்திலும் வருது. சிலர் அதைக் கடல் மைல் என்கிறார்கள், சிலர் சாதா மைல். கடல் மைல் என்றால் 6,500 கி.மீ., சாதா மைல் என்றால் 5,650. கிட்டத்தட்ட 850 கி.மீ. வித்தியாசம், சும்மா விட முடியுமா? இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டு ஹேவர்சைன் சூத்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். 5,655 வந்தது. ஆக, சாதா மைல்தான். சராசரிப் பயண நேரமான 28 மணியால் வகுத்தால் மணிக்கு 200 கி.மீ. கேட்டலினாவின் வழக்கமான வேகமும் அதுதான். இன்றைய ஜெட் இதே தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

வேகத்தைவிட எடைதான் பெரிய தலைவலி. இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் ஏற்றினால் மீதி இடம் மூன்று பயணிகளுக்கும் 70 கிலோவுக்குக் குறைவான தபாலுக்கும்தான். கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றால், அந்த எடையை மற்றொன்று தாங்காது. ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். ரேடியோவில் பேசக்கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்க வேண்டும்.

அதனாலோ என்னவோ, ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. ரைகலை விட்டால் மற்ற நான்கும் நம்ம பஞ்சாங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்தவைதான்: திருவோணம், அபிஜித், கேட்டை, சித்திரை!

பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், 'இரட்டைச் சூரிய உதய ரகசியக் குழு' உறுப்பினர் என்று. 28 மணி நேரம் பறந்தாலே இரண்டு உதயம் கிடைத்துவிடாது என்பது வேறு விஷயம். மேற்கே போகும்போது சூரியன் திரும்பி வர 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடிவதற்குச் சற்று முன்னால் கிளம்பினால்தான் உண்டு. கிழக்கே திரும்பும்போது 22 மணியே போதும், அதனால் வாய்ப்பு அதிகம்.

1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. விமானங்கள்தான் தப்பவில்லை. போர் முடிந்ததும், அமெரிக்காவோடு போட்ட கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.