எச்சம்மாள் ஏறிய மலை

மன அழுத்தம் என்பது தமிழுக்குப் புதிய சொல். ஆங்கிலத்திலேயே ‘ஸ்ட்ரெஸ்’ என்பது ஹான்ஸ் செல்யே 1936இல் தொடங்கிவைத்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் மருத்துவச் சொல்லாகப் பரவியது. நம் பாட்டிகள் அலுப்பு, ஆயாசம் என்றார்கள். ‘உடம்பில் தெம்பில்லை’ என்றார்கள். உடலையும் மனத்தையும் பிரித்துப் பார்க்காத சொற்கள் அவை.

உடலியலும் அப்படித்தான் சொல்கிறது. நெருக்கடி வந்தால் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பிக்கவோ உடல் செய்யும் ஏற்பாடு இது. எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் இடமில்லாமல் நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் தூக்கம் கெடும். விடியும்போதே களைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட இடமில்லாதவர்கள் யார் என்பது வரலாற்றுக்கான கேள்வி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில், பிராமண வீட்டு விதவை. மண்டகொளத்தூரைச் சேர்ந்த லட்சுமி அம்மாளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கணவர், மகன், மகள் என மூவரையும் அடுத்தடுத்து இழந்தார். துக்கம் தாளாமல் தொலைதூரம் யாத்திரை போய் வந்தும் பாரம் இறங்கவில்லை. 1906 வாக்கில் திருவண்ணாமலைக்கு வந்து, மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த இளந்துறவி ரமணர் முன்னால் நின்றார். இருவரும் பேசவில்லை. நெஞ்சின் சுமை அங்கே இறங்கியது என்று அவர் சொன்னதாக ரமணரின் வரலாற்று நூல்கள் பதிவுசெய்கின்றன. அந்த நூல்களில் அவர் பெயர் எச்சம்மாள்.

அதன்பின் அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். பிறந்த வீட்டார் உதவியோடு இந்த ஊரிலேயே தங்கினார். நாள்தோறும் சமைத்து, உணவை எடுத்துக்கொண்டு மலையேறினார். 1922க்குப் பிறகு ஆசிரமம் அடிவாரத்தில் அமைந்தபோது அங்கே நடந்தார். இடையில், எடுத்து வளர்த்த செல்லம்மாளும் இறந்துபோனார். அப்போதும் நடை நிற்கவில்லை. 1945இல் தாம் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இதைச் செய்தார்.

பக்தி நூல்கள் இதைக் குருவருள் என்கின்றன. அது அவருடைய நம்பிக்கை; அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அந்த வாழ்க்கையில் வேறு சிலவும் இருந்தன: தினமும் நடை, மலைக்காற்று, எழுந்திருக்க ஒரு காரணம், தன் துக்கத்தைக் கேள்வி கேட்காத மனிதர்கள். மூலையில் உட்காரவைக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு விதவை, தன் காலால் தெருவைக் கடந்தார்.

அதே காலகட்டத்து மேற்கில் இதற்கு நேரெதிரான மருந்து இருந்தது. சோர்ந்த பெண்களுக்கு வேய்ர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் ‘ஓய்வுச் சிகிச்சை’ அளித்தார்: படுக்கை, நிறைய உணவு, தனிமை. 1887இல் அவரிடம் சென்ற சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு, எழுதுகோலைத் தொடக் கூடாது என்றும் அறிவுரை கிடைத்தது. அந்த ஓய்வு தன்னைப் பைத்தியத்தின் விளிம்புக்குத் தள்ளியது என்று கில்மன் பிறகு எழுதினார். அடைத்துவைப்பதும் ஓய்வும் ஒன்றல்ல.

இதைக் கொண்டு ‘சேவையே மருந்து’ என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எச்சம்மாள் செய்ததும் சமையல்தான். ஆனால் யாருக்காகச் சமைப்பது என்பதை அவரே தேர்ந்தார். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்வு இல்லை. 2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது. அதை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

நட, நன்றாகத் தூங்கு, வெயிலில் நில், மனம்விட்டுப் பேசு: இயற்கை வழிகள் என்று சொல்லப்படும் இவையெல்லாம் நல்ல அறிவுரைகளே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும்; அந்த நேரத்தை வீட்டிலுள்ள இன்னொருவர் தர வேண்டும். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கும் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். நள்ளிரவில் தெருவில் நடக்கும் அவர்களை ‘எங்கே போகிறாய்’ என்று யாரும் கேட்பதில்லை. மாதத்தின் மற்ற நாட்களில் அரைமணி நேரம் நடக்கக் கிளம்பும் பெண்ணிடமும் அந்தக் கேள்வி வராமலிருக்க வேண்டும். சோர்வுக்கான சிகிச்சை அங்கிருந்து தொடங்குகிறது.