எட்மண்ட் ரைஸ் பள்ளிகள்: கிறித்தவ சகோதரர்கள் சபையின் நிர்வாகக் கைமாற்றம்

அயர்லாந்தில் தோன்றிய கிறித்தவ சகோதரர்கள் சபை, இரு நூற்றாண்டுகளாக நடத்திவந்த தன் பள்ளிகளைப் பொதுநிலையினர் (துறவிகளோ குருக்களோ அல்லாத கத்தோலிக்கர்) பொறுப்பில் இயங்கும் புதிய அமைப்புகளிடம் ஒப்படைத்தது. ஆஸ்திரேலியாவில் 2007 அக்டோபர் 1 அன்று 'எட்மண்ட் ரைஸ் கல்வி ஆஸ்திரேலியா' பொறுப்பேற்றது. அயர்லாந்தில் 2008இல் 'எட்மண்ட் ரைஸ் பள்ளிகள் அறக்கட்டளை' பொறுப்பேற்றது. அயர்லாந்தில் மட்டும் 90க்கும் மேற்பட்ட தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் இவ்வாறு கைமாறின. துறவிகளின் எண்ணிக்கை சரிந்ததே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான் என்றாலும், அரசு மானியம், நில உடைமை, சிறார் வன்கொடுமை வழக்குகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது விளங்கும்.

பெயரில் ஒரு குழப்பம் நேரக்கூடும். கொழும்பு புனித பெனடிக்ட் கல்லூரியோடு தொடர்புடைய தெ லா சால் சகோதரர்களும் ஆவணங்களில் 'கிறித்தவ சகோதரர்கள்' என்றே வருவார்கள். அது 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எழுந்த வேறு சபை. சென்னை அடையாறு செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியின் பேட்ரிசியன் சகோதரர்கள், 1808இல் அயர்லாந்தின் டல்லோவில் தொடங்கிய மற்றொரு சபையினர்.

தோற்றம்

நிறுவனர் எட்மண்ட் ரைஸ் 1762இல் கில்கெனி மாவட்டத்தின் கேலன் ஊரில் பிறந்தார். வாட்டர்ஃபோர்டு துறைமுகத்தில் கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கும் வணிகத்தில் செல்வம் ஈட்டினார். 1789இல் மனைவி இறந்தார். உடல்நலம் குன்றிய ஒரு மகள் எஞ்சினாள். கத்தோலிக்கர் பள்ளி நடத்தத் தடைவிதித்த சட்டங்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தளர்ந்தன. ஆனால் துறைமுகத் தெருக்களில் திரிந்த ஏழைச் சிறுவர்களுக்குப் போக ஒரு பள்ளி இல்லை. 1802இல் நியூ தெருவில் ஒரு குதிரை லாயத்தில் ரைஸ் அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் மவுண்ட் சயான் பள்ளி திறந்தது. 1808இல் அவரும் தோழர்களும் துறவற வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டனர்.

பள்ளி யார் அதிகாரத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி சபையின் குழந்தைப் பருவத்திலேயே எழுந்துவிட்டது. முதலில் ஒவ்வொரு இல்லமும் அந்தந்த மறைமாவட்ட ஆயருக்குக் கீழ்ப்பட்டிருந்தது. ஆயர் அனுமதிக்காவிட்டால் ஒரு சகோதரரை அடுத்த ஊருக்கு அனுப்பக்கூட முடியாது. ரைஸ் ரோமுக்கு விண்ணப்பித்தார். 1820இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர் சபைக்கு ஏற்பளித்தார். அதனால் சகோதரர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரின் கீழ் வந்தனர்; 1822இல் ரைஸே முதல் தலைவர் ஆனார். தெ லா சால் சபையின் ஒழுங்குகளே இவர்களுக்கு முன்மாதிரி. கார்க் நகரில் சிலர் இந்த மாற்றத்தை ஏற்காமல் ஆயரின் கீழேயே தங்கினர். இன்றைய பிரசன்டேஷன் சகோதரர்கள் அவர்கள் வழிவந்தவர்கள். ரைஸ் 1844இல் மறைந்தார். 1996இல் அருளாளர் பட்டம் பெற்றார்.

அரசுப் பணம்

1831இல் ஆங்கிலேய அரசு அயர்லாந்தில் தேசியப் பள்ளி முறையைக் கொண்டுவந்தது. மானியம் கிடைக்கும், ஆனால் மறைக்கல்வி குறித்த நேரத்தில் மட்டுமே நடக்கலாம். சில பள்ளிகளைச் சேர்த்துப் பார்த்த சபை, 1836 வாக்கில் விலக முடிவெடுத்தது. நன்கொடையும் உயில் சொத்தும் வீடுவீடாகத் திரட்டிய காசும்தான் பிறகு பள்ளிகளைத் தாங்கின. பாடநூல்களையும் சபையே அச்சிட்டது. அவற்றில் ஐரிஷ் தேசிய உணர்வு தூக்கலாக இருந்தது. 1916 எழுச்சியின் தலைவர் பேட்ரிக் பியர்ஸும், பின்னாளில் நாட்டை ஆண்ட எய்மன் டி வலேராவும் இவர்களிடம் படித்தவர்களே. விடுதலைக்குப் பின் 1920களில் இவர்களது தொடக்கப் பள்ளிகள் தேசிய முறைக்குள் வந்தன.

பெரிய திருப்பம் 1966இல் வந்தது. இடைநிலைக் கல்வி இலவசமாகும் என்று கல்வி அமைச்சர் டொனோ ஓமாலி அறிவித்தார். 1967இல் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் மாணவர் கூட்டம் பெருகியது. கத்தோலிக்கத் திருச்சபை ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய அதே ஆண்டுகளில் புதிதாகச் சபையில் சேர்வோர் குறைந்தனர். இருந்தவர்களில் பலர் வெளியேறினர். வகுப்பறைகளைப் பொதுநிலை ஆசிரியர்கள் நிரப்பினார்கள். சம்பளத்தை அரசு கொடுத்தது. கல்வியில் துறவிகளின் எதிர்காலம் பற்றி 1973இல் வெளிவந்த அறிக்கை, பொறுப்பை மற்றவர்களோடு பகிர வேண்டிய காலம் வந்துவிட்டதாகக் கூறியது. 1980களில் நிர்வாகக் குழுக்கள் பரவலாகின. எட்டுப் பேர் கொண்ட குழுவில் நால்வர் சபையின் நியமனம், இருவர் ஆசிரியர், இருவர் பெற்றோர். தலைமையாசிரியர் பதவியும் மெல்லப் பொதுநிலையினரிடம் சென்றது. கடைசியில் சபையிடம் மிஞ்சியவை புரவலர் என்ற சட்டநிலையும் நிலப் பத்திரமும்தான். 2008இல் கைமாறியவையும் பெரும்பாலும் இவையே.

கைமாற்றத்தின் அமைப்பு

அயர்லாந்துச் சட்டப்படி பள்ளிக்குப் புரவலர் ஒருவர் வேண்டும். பள்ளியின் சமயத் தன்மையைத் தீர்மானிப்பதும், நிர்வாகக் குழுவை நியமிப்பதும் அவர் உரிமை. 1998 கல்விச் சட்டம் இதை உறுதிசெய்தது. சபை மறைந்தால் அந்த இடத்துக்கு யார் வருவார்? ஆயரிடம் கொடுத்திருக்கலாம், அரசிடமும் கொடுத்திருக்கலாம். சபை மூன்றாவது வழியைத் தேர்ந்தது. பொதுநிலையினர் நடத்தும் ஒரு நிறுவனத்தை அமைத்து, பள்ளிகளின் புரவலராக அதை ஆக்கியது. ரைஸின் கல்விநெறி ஐந்து கூறுகளாகச் சாசனத்தில் எழுதப்பட்டது: நம்பிக்கையை வளர்த்தல், கூட்டுப்பொறுப்பு, கற்றல் கற்பித்தலில் மேன்மை, அக்கறையுள்ள பள்ளிச் சமூகம், மாற்றம் கொணரும் தலைமை. ஒரு துறவி வாழ்ந்து காட்டியதை இனி சாசனமாக வாசித்து அறிய வேண்டும். இந்த ஏற்பாட்டின் மெலிவான இடம் இதுவே என்று சொல்லலாம்.

அயர்லாந்தில் இச்சபை தனித்துச் செயல்படவில்லை. மெர்சி சகோதரிகள் உள்ளிட்ட ஐந்து சபைகள் தம் நூற்றுக்கும் மேற்பட்ட இடைநிலைப் பள்ளிகளை 2007இல் சீஸ்ட் என்ற பொது அறக்கட்டளையில் சேர்த்தன.

ஆஸ்திரேலியாவில் சூழல் வேறு. 1868இல் ஆம்ப்ரோஸ் ட்ரேசியும் மூன்று சகோதரர்களும் மெல்பர்னில் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் மாகாண அரசுகள் சமயப் பள்ளிகளுக்கு உதவியை நிறுத்தின. சம்பளம் வாங்காத துறவிகள் இல்லாவிட்டால் கத்தோலிக்கப் பள்ளிகளே நின்றிருக்காது. 1960களில் அரசு உதவி திரும்பியது, பொதுநிலை ஆசிரியர்களை அமர்த்த வழி பிறந்தது. 2007இல் சபையின் மாகாணங்கள் ஒன்றிணைந்து ஓசியானியா மாகாணம் ஆன அதே நாளில்தான் புதிய கல்வி அமைப்பும் தொடங்கியது.

நிலமும் வழக்கும்

கனடாவின் அனுபவம் சபையை எச்சரித்திருக்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தின் மவுண்ட் கேஷல் அநாதை இல்லத்தில் நடந்த வன்கொடுமைகள் 1989 விசாரணையில் அம்பலமாயின. இழப்பீடு தருவதற்காகக் கனடியச் சபை 1996 முதல் கலைக்கப்பட்டது. குற்றத்தோடு தொடர்பே இல்லாத வான்கூவர் பள்ளிகள் இரண்டும் இழப்பீட்டுக்காக விற்கப்படுமோ என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அறநோக்கத்துக்காக வைத்திருக்கும் சொத்தும் இழப்பீட்டுக்கு உட்படலாம் என்று 2000இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

அயர்லாந்தில் தன் நிறுவனங்களில் நடந்த வன்கொடுமைகளுக்காகச் சபை 1998இல் பகிரங்க மன்னிப்புக் கேட்டது. 2002இல் 18 சபைகள் அரசோடு செய்த ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்காக 12.8 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டன. எஞ்சிய பெருஞ்செலவு அரசின் தலையில் விழுந்தது. எட்மண்ட் ரைஸ் அறக்கட்டளை பொறுப்பேற்ற மறு ஆண்டு, 2009 மே மாதம், சிறார் வன்கொடுமை பற்றிய விசாரணை ஆணையத்தின் ரயன் அறிக்கை வெளியானது. ஆர்ட்டேன், லெட்டர்ஃப்ராக் போன்ற தொழிற்பள்ளிகளில் சிறுவர்கள் பட்ட கொடுமைகளை அது விரிவாகப் பதிவுசெய்தது. பள்ளிச் சொத்து முன்கூட்டியே வேறு கைக்குப் போனது தற்செயலா என்று பலர் கேட்டனர். அந்த நவம்பரில் சபை 16.1 கோடி யூரோ மதிப்புள்ள உதவியை அறிவித்தது. அதில் 12.7 கோடி, பள்ளி விளையாட்டுத் திடல்களின் மதிப்பு. கட்டிடங்களைக் கொடுத்தபோது பல திடல்களைச் சபை தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

அந்தத் திடல்கள் பின்னும் தகராறாயின. 2017இல் டப்ளினின் கிளான்கீன் கல்லூரித் திடலில் ஏழு ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியை 1.8 கோடி யூரோவுக்கு ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்கச் சபை முடிவெடுத்தது. இழப்பீட்டுக்குப் பணம் தேவை என்பது சபையின் நியாயம். பிள்ளைகள் விளையாட இடம் போகிறதே என்பது பள்ளியின் நியாயம். நிர்வாகக் குழு உயர் நீதிமன்றம் சென்றது. சபையின் பெயரால் நடக்கும் பள்ளியே சபையை எதிர்த்து வழக்காடும் நிலை, நிர்வாகத்தையும் நிலத்தையும் பிரித்து வைத்ததன் நேர் விளைவு.

பொறுப்புக்கூறலும் புதிய அமைப்புகளுக்கு மாறிவிடவில்லை. அயர்லாந்துச் சட்டத்தில் துறவற சபை ஒரு தனிச் சட்ட ஆள் அல்ல. குற்றம் நடந்த காலத்தில் உறுப்பினராக இருந்தவர்கள்மீதே வழக்குத் தொடர வேண்டும் என்பது 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். 2024 செப்டம்பரில் வெளியான அரசு அறிக்கை, சபைகள் நடத்திய 308 பள்ளிகளில் 2,395 பாலியல் வன்கொடுமைப் புகார்களைப் பட்டியலிட்டது. அதைத் தொடர்ந்து விசாரணை ஆணையம் அமைக்க ஐரிஷ் அரசு முடிவுசெய்தது.