பெல்வெடேர்: தளபதியின் மாளிகை, மக்களின் ஓவியக்கூடம்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் மூன்றாம் வட்டாரத்தில், ஒரு நீண்ட சரிவின் உச்சியிலும் அடிவாரத்திலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பரோக் மாளிகைகளும் அவற்றுக்கிடையே இறங்கும் தோட்டமும் சேர்ந்ததே பெல்வெடேர். சவோய் இளவரசர் யூஜின் தம் கோடைகால இருப்பிடமாகக் கட்டிய இவ்வளாகம், அவருக்குப் பின் அரச உடைமையாகி, 18ஆம் நூற்றாண்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று இது ஆஸ்திரியக் கலையின் தலையாய அருங்காட்சியகங்களுள் ஒன்று. குஸ்டாவ் கிளிம்டின் ‘முத்தம்’ ஓவியம் இங்கேதான் உள்ளது. முந்நூறு ஆண்டுகளில் இம்மாளிகையின் கலைச்செல்வம் ஒருமுறைக்கு மேல் காலி செய்யப்பட்டு, மறுபடி நிரப்பப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்னே வந்து நின்ற கேள்வி ஒன்றுதான்: இந்தக் கலைப்பொருள்கள் யாருக்கு உரியவை?

கட்டியவரும் கட்டிடமும்

யூஜின் 1663இல் பாரிஸில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையில் சேர விரும்பிய அவரைப் பதினான்காம் லூயி மன்னர் ஏற்கவில்லை. 1683இல், ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்த வேளையில், அவர் ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் லியோபோல்டிடம் பணியில் சேர்ந்தார். 1697இல் சென்டாவிலும் 1717இல் பெல்கிரேடிலும் ஒட்டோமான் படைகளை வென்று, பேரரசின் முதன்மைத் தளபதியாக உயர்ந்தார். பாரிஸ் தள்ளிவிட்ட இளைஞர், வியன்னாவில் மன்னருக்கு நிகரான மாளிகைகளை எழுப்பும் செல்வந்தர் ஆனார்.

சென்டா வெற்றி கிடைத்த அதே 1697இல் நகர மதிலுக்கு வெளியே நிலம் வாங்கினார். கட்டிடக் கலைஞர் யோகான் லூக்காஸ் ஃபான் ஹில்டபிராண்ட், ஜெனோவாவில் பிறந்து இத்தாலியில் பயின்றவர். அவர் கீழ் மாளிகையை 1714 முதல் 1716 வரையிலும், மேல் மாளிகையை 1717 முதல் 1723 வரையிலும் கட்டினார். கீழ் மாளிகை இளவரசர் குடியிருக்க; மேல் மாளிகை விருந்தினரை வரவேற்று விழா நடத்த. இடையிலுள்ள தோட்டத்தை வெர்சாய் தோட்டங்களில் பயிற்சி பெற்ற டொமினிக் ஜிரார் அமைத்தார். படிக்கட்டுகள், செயற்கை அருவிகள், கத்தரித்த செடிவேலிகள், பெண்முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலைகள் எனத் தோட்டம் தளம் தளமாக இறங்குகிறது. பக்கத்தில் இளவரசரின் விலங்குக் காட்சிசாலையும் இருந்தது.

பரோக் பாணியின் இலக்கே பார்ப்பவரை மலைக்க வைப்பதுதான். மேல் மாளிகையின் கீழ்த்தளக் கூடத்தில் அதை நேரிலேயே காணலாம். கட்டி முடித்துப் பத்தாண்டுகளுக்குள் இக்கூடத்தின் மேற்கூரை இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. 1732–33 குளிர்காலத்தில் ஹில்டபிராண்ட் நான்கு தூண்களை நிறுத்தி, புதிய வளைகூரையைத் தாங்கச் செய்தார். அத்தூண்களையே தோள் குனிந்து பாரம் சுமக்கும் அட்லஸ் உருவங்களாகச் செதுக்கித் தந்தவர் லொரென்சோ மத்தியெல்லி. புடைத்த தசைகளும் தாழ்ந்த தலைகளுமாக நிற்கும் அவை வெறும் அலங்காரமல்ல. அந்தக் கூரை விழாமல் இருப்பது அவற்றால்தான்.

கீழ் மாளிகையில் பல்தாசர் பெர்மோசர் 1718–21இல் பளிங்கில் வடித்த யூஜினின் சிலை இருக்கிறது. ஹெர்குலிஸின் சிங்கத்தோலைப் போர்த்திய இளவரசர், தம் புகழை முழங்க வரும் தேவதையின் எக்காள வாயைக் கையால் பொத்துகிறார். தன்னடக்கத்தையும் பளிங்கில் வடித்துப் பறைசாற்றிய காலம் அது.

முதல் வெறுமை

யூஜின் 1736 ஏப்ரலில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, உயிலும் எழுதவில்லை. சொத்து முழுவதும் உறவுப்பெண் விக்டோரியாவிடம் போனது. அவர் கிடைத்ததையெல்லாம் விற்கத் தொடங்கினார். புகழ்பெற்ற நூலகம் பேரரசரிடம் சென்றது. அந்நூல்களை இன்றும் ஆஸ்திரியத் தேசிய நூலகத்தின் பெருங்கூடத்தில் காணலாம். ஓவியங்களைச் சார்டினிய மன்னர் வாங்கி தூரின் நகருக்குக் கொண்டுபோனார். வெறுமையாகிவிட்ட மாளிகைகளை 1752இல் ஹாப்ஸ்பர்க் பேரரசி மரியா தெரேசா வாங்கினார். ‘பெல்வெடேர்’ என்ற பெயர் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படுவது அந்த விற்பனை ஆவணத்தில்தான்.

மக்களுக்குத் திறந்த கதவு

1776இல் மரியா தெரேசாவும் மகன் இரண்டாம் ஜோசப்பும் பேரரசின் ஓவியத் தொகுப்பை அரண்மனைக் குதிரைலாயக் கட்டிடத்திலிருந்து மேல் பெல்வெடேருக்கு மாற்ற முடிவு செய்தனர். பழைய இடத்தில் சுவரின் அலங்காரத்துக்கு ஏற்பவே படங்கள் மாட்டப்பட்டிருந்தன. சட்டகத்தில் அடங்காத படங்கள் வெட்டப்பட்டன. சிறிய படங்களுக்குத் துணி ஒட்டுப்போட்டு நீட்டப்பட்டது.

பாசல் நகரைச் சேர்ந்த செதுக்கோவியர் கிறிஸ்தியான் ஃபான் மெக்கல் இந்த முறையை மாற்றினார். ஓவியங்களை நாடு, பள்ளி, காலம் என்ற வரிசையில் மாட்டினார். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போதே ஓவியக் கலை எப்படி மாறிவந்தது என்பது பார்வையாளருக்குப் புரிந்தது. இன்று உலகெங்கும் ஓவியக்கூடங்களில் இயல்பாகத் தோன்றும் இந்த ஒழுங்கு அன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கலை இன்பத்துக்கானது, பாடத்துக்கானதல்ல என்றனர் சிலர். 1781இல் கூடம் திறக்கப்பட்டது. வாரத்தில் மூன்று நாள் நுழைவு இலவசம். காலணி மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். பாரிஸின் லூவர் பொதுமக்களுக்குத் திறந்தது இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1793இல்.

இந்தத் தொகுப்பும் நிலைக்கவில்லை. 1891இல் புதிய கலை வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது ஓவியங்கள் அங்கே சென்றன. பெல்வெடேர் மறுபடி குடியிருப்பானது. படியேற முடியாத முதுமையில் இசையமைப்பாளர் அன்டன் புரூக்னருக்குப் பேரரசர் இவ்வளாகத்தில் இலவச வீடு கொடுத்தார். 1896இல் அவர் இறந்தது அங்கேதான். மேல் மாளிகையில் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் வசித்தார். 1914 ஜூனில் சரயேவோவுக்குப் போன அவர் உயிருடன் திரும்பவில்லை.

கிளிம்டின் காலம்

இதற்கிடையே, வாழும் கலைஞர்களின் படைப்புகளுக்கும் அரசு இடம் தர வேண்டும் என்று கிளிம்டும் அவருடைய ‘செசெஷன்’ கலைஞர் குழுவினரும் வலியுறுத்தி வந்தனர். அதன் பயனாக 1903இல் கீழ் பெல்வெடேரில் நவீன ஓவியக்கூடம் பிறந்தது. 1908இல் வியன்னாவில் நடந்த பெரும் கலைக்கண்காட்சியில் கிளிம்ட் ‘முத்தம்’ ஓவியத்தை வைத்தார். அது இன்னும் முழுமையடையாத நிலையிலேயே அரசு அதை 25,000 குரோனுக்கு வாங்கியது.

அந்த ஓவியம் 180 சென்டிமீட்டர் சதுரம். பொற்றகடு பதித்த பின்னணியில் ஓர் ஆணும் பெண்ணும். ஆணின் அங்கியில் கறுப்பு வெள்ளைச் செவ்வகங்கள். பெண்ணின் ஆடையில் வண்ண வட்டங்களும் பூக்களும். அவர்கள் மண்டியிட்டிருக்கும் பூந்தரை சட்டென்று முடிகிறது. பெண்ணின் கால்விரல்கள் அந்த விளிம்பைப் பற்றியிருக்கின்றன. அருகில் நின்று பார்த்தால்தான் அந்த விரல்களின் இறுக்கம் கண்ணில் படும்.

முதல் உலகப்போருக்குப் பின் குடியரசு வந்தது. இரு மாளிகைகளும் அருங்காட்சியகமாயின. கீழ் மாளிகையில் 1923இல் பரோக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இயக்குநர் ஃபிரான்ஸ் மார்ட்டின் ஹாபர்டிட்ஸல், ஓவியர் ஏகோன் ஷீலேயின் அருமையை அறிந்து அவர் படைப்புகளைத் தொகுப்புக்கு வாங்கியவர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் அவர் பதவி பறிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் குண்டுகள் மாளிகைகளைச் சிதைத்தன. சீரமைப்புக்குப் பின் 1953இல் கதவுகள் மீண்டும் திறந்தன.

1955 மே 15 அன்று மேல் மாளிகையின் பளிங்குக் கூடத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றின் வெளியுறவு அமைச்சர்கள், ஆஸ்திரியாவின் லியோபோல்ட் ஃபிகலுடன் அமர்ந்து அரசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். போருக்குப் பின் நாட்டைப் பிரித்து ஆண்ட நான்கு நாடுகளின் படைகளும் வெளியேற வழி பிறந்தது. மாடத்தில் வந்து நின்ற தலைவர்களைத் தோட்டம் நிறையத் திரண்ட மக்கள் ஆரவாரத்துடன் வரவேற்றனர்.

திருப்பிக் கொடுத்த ஓவியங்கள்

1907இல் கிளிம்ட் வரைந்த அடெலே பிளாக்-பௌவரின் பொன் உருவப்படம் பல பத்தாண்டுகள் இக்கூடத்தின் பெருமையாக விளங்கியது. 1925இல் இறந்த அடெலே, தம் கணவருக்குப் பின் ஓவியங்கள் இக்கூடத்துக்குச் சேர வேண்டும் என்று உயிலில் கேட்டுக்கொண்டிருந்தார். யூதரான கணவர் ஃபெர்டினாண்ட் 1938இல் தப்பியோடினார். நாஜிகள் அவர் சொத்தைப் பறித்தனர்; ஓவியங்கள் அந்த வழியே இக்கூடத்தை வந்தடைந்தன. 1945இல் இறப்பதற்கு முன், தம் உடைமைகளை உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார்.

ஆஸ்திரியா 1998இல் கலைப்பொருள் மீட்புச் சட்டம் இயற்றியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான மரியா ஆல்ட்மான், கலிபோர்னியாவிலிருந்து வழக்குத் தொடுத்தார். வழக்கை அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் இரு தரப்பும் ஆஸ்திரிய நடுவர் குழுவின் முடிவுக்கு ஒப்புக்கொண்டன. ஓவியங்கள் அடெலேயின் உடைமையல்ல, கணவரின் உடைமையே என்று கண்ட குழு, ஐந்து கிளிம்ட் ஓவியங்களைத் திருப்பித் தருமாறு 2006 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பொன் உருவப்படம் இப்போது நியூயார்க்கின் நோயே கேலரியில் இருக்கிறது. வியன்னாவில் பலர் இதை இழப்பாகக் கருதி வருந்தினர். ஆனால் கொள்ளையின் வழியே வந்த பொருளை வைத்துக்கொள்ள எந்தப் பொது அருங்காட்சியகத்துக்கும் உரிமையில்லை. அந்த வகையில் அத்தீர்ப்பு பெல்வெடேரின் வரலாற்றில் 1781ஆம் ஆண்டுக்கு நிகரான இடம் பெறத் தக்கது.

இன்றைய நிலை

மேல் மாளிகையில் இடைக்காலம் முதல் நவீன காலம் வரையிலான ஆஸ்திரியக் கலை, மெஸ்ஸர்ஷ்மிட் வடித்த விந்தையான முகபாவத் தலைகள், ஷீலேயின் ‘குடும்பம்’, டேவிட் தீட்டிய ஆல்ப்ஸ் கடக்கும் நெப்போலியன் ஆகியவை உள்ளன. கீழ் மாளிகை தற்காலிகக் கண்காட்சிகளுக்கு. மூன்றாவது இடம் ‘பெல்வெடேர் 21’: 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குக் கார்ல் ஷ்வான்சர் கட்டிய எஃகு–கண்ணாடி அரங்கு, பிரித்தெடுத்து வியன்னாவுக்குக் கொண்டுவரப்பட்டு, சமகாலக் கலைக்கு இடமளிக்கிறது.

மேல் தோட்டத்திலிருந்து நகரைப் பார்க்கும் காட்சியை பெர்னார்டோ பெல்லோட்டோ 1760ஐ ஒட்டி வரைந்தார். அதே காட்சி இன்று நகரத் திட்டமிடலில் சர்ச்சைப் பொருள். ஹொய்மார்க்ட் பகுதியில் திட்டமிடப்பட்ட உயர்கட்டிடம் அந்தப் பார்வைக்கோட்டைக் கெடுக்கும் என்ற அச்சத்தால், 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமான வியன்னாவின் வரலாற்று மையத்தை யுனெஸ்கோ 2017இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலில் சேர்த்தது.